முள் ஏறும் வரை

மிச்சிகன்
1997, மே 11

சிஹாருவுக்கு,

கென்சாக்கு எழுதுவது. வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே இன்னும் குளிர் விடவில்லை. கம்பெனி கொடுத்திருக்கும் வீடு ஒற்றை ஆளுக்கு ரொம்பப் பெரிது. சூப்புக்கு நம்ம ஊர் மிஸோ விழுது கிடைக்கிறது, வாயில் வைக்கத்தான் முடியவில்லை. அங்கே நம் ஊர் கபேயில் மலையெல்லாம் தளிர் விட்டிருக்கும். உன் இருமல் போனதா?

தொலைபேசியில் பேசுவதில்லை என்று விவாகரத்துச் சமரச மன்றத்தில் இருவரும் ஒப்புக்கொண்டதால் கடிதம். வீடு உனக்கு, கார் எனக்கு, அடுத்த ஏப்ரலில் நான் திரும்பும் வரை வண்டி உன் கொட்டகையில். அப்படித்தான் கையெழுத்துப் போட்டோம். "சும்மா நின்னா வீணாப் போகும், நானே ஓட்டி வைக்கிறேன்" என்று நீயாகச் சொன்னாய். வாங்கிய நாளிலிருந்து அந்தச் சாவியை உன் கையில் நான் கொடுத்ததில்லை என்பது உனக்கே தெரியும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படி.

உன் சின்ன வண்டியை ஓட்டுவது போல இதை ஓட்டாதே. உன் வண்டியில் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. இதில் இரண்டு முக்கோணம் உள்ளே சுற்றுகிறது, ஒவ்வொன்றின் மூன்று மூலையிலும் விரல் நீளத்துக்கு ஒரு தகடு. அந்தத் தகடு போனால் இஞ்சின் போனது. உன் அப்பா சொல்லக் கேட்டிருப்பாய். கிளப்பியதும் நகராதே, சூட்டு முள் நடுவுக்கு வரட்டும். முள் ஏறும் முன்னால் ஒருபோதும் அணைக்காதே. அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கிவிடும், அடுத்த தடவை கிளம்பாது. சூடேறிய பிறகு தயங்காமல் மிதி. ஒவ்வொரு தடவையும் இஞ்சின் வேக முள் சிவப்புக் கோடு வரை போய் அந்த எச்சரிக்கை மணி கூவ வேண்டும். பொத்திப் பொத்தி ஓட்டினால் கரி படியும். அப்புறம், இது ஆயில் குடிக்கும். அது நோயல்ல, படைப்பே அப்படி. இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை ஆயில் பார்.

இதைத் தவிர உன்னிடம் நான் கேட்பதற்கு எதுவும் இல்லை.

கென்சாக்கு


கபே, ஹிரோஷிமா
ஜூன் 15

மதிப்பிற்குரிய கென்சாக்கு அவர்களுக்கு,

மழைக்காலம் தொடங்கி, வேலியோரத்து நீலப் பூக்கள் தலை சாய்த்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே நீங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். இருமல் போய்விட்டது, விசாரித்ததற்கு நன்றி.

வண்டியைப் பற்றி நீங்கள் கவலையே பட வேண்டாம். வாரம் ஒரு தடவை போதும் என்றுதான் பேச்சு. நான் தினமும் எடுக்கிறேன். காலையில் டோஃபு கடைக்கு. சரிவில் இறங்கினால் கடை, ரேடியோவில் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். கடை வாசலில் அணைத்துவிடுவேன். ஒரு கட்டி டோஃபு வாங்கிக்கொண்டு மறுபடி கிளப்பி, மேலே வந்ததும் அணைத்துவிடுவேன். சூட்டு முள் அசைவதற்குள் வீடு வந்துவிடுகிறது. பெட்ரோல் எவ்வளவு மிச்சம் பாருங்கள்.

சிவப்புக் கோடு வரை மிதிக்கச் சொன்னீர்கள். எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளை அலற விடுவதா? வேக முள்ளை மூன்றுக்கு மேல் விடுவதே இல்லை. எதிர்வீட்டு நிஷிகோரி அம்மாள் நேற்று என்ன சொன்னார் தெரியுமா? "அம்மாடி, உன் வீட்டுக்காரர் ஓட்டுனப்ப தெருவே அதிரும். நீ ஓட்டறது காதுலயே விழ மாட்டேங்குது. தொட்டில்ல குழந்தையை ஆட்டற மாதிரி இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

தினமும் துடைத்து வைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிஹாரு


மிச்சிகன்
ஜூலை 2

சிஹாரு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு வேளையில் பிரித்தேன். அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

நீ செய்வது கவனிப்பு இல்லை. தெரியாமல் செய்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். மற்ற வண்டிகள் மெதுவாக ஓட்டினால் நீடித்து உழைக்கும். இது மெதுவாக ஓட்டினால் சாகும். அந்த டோஃபு கடைச் சவாரியைவிடக் கொடுமையான ஒன்றை நானே உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. உன் அப்பா நம் கல்யாணத்தில் என் தோளில் கை போட்டுச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "மாப்பிள்ளை, எங்க ஃபேக்டரி லைன்ல செய்யற இஞ்சின் பொத்தி வளர்க்கற பிள்ளை இல்ல. அதட்டி வளர்க்கற பிள்ளை."

தினமும் எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் போதும். நெடுஞ்சாலையில் ஏறி மியோஷி வரை போய்விட்டு வா. ஒரு மணி நேரம் ஓடட்டும், கதறட்டும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் கெஞ்சி நீ பார்த்ததில்லை, இல்லையா? பார்த்துக்கொள்.

ஆயில் பார்த்தாயா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

கென்சாக்கு


கபே
ஆகஸ்ட் 16

மதிப்பிற்குரிய கென்சாக்கு அவர்களுக்கு,

வெயில் இன்னும் தணியவில்லை. நேற்று முன்னோர் வழிபாட்டுக்கு அப்பாவின் கல்லறைக்குப் போய், கல்லைக் கழுவி, அவருக்குப் பிடித்த பீர் ஒரு டப்பா வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் அனுப்பிய பூவுக்கான பணம் வந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆயிலைப் பற்றிக் கேட்டீர்கள். குச்சியை எடுத்துப் பார்த்தேன், நுனியில்தான் கொஞ்சம் ஈரம். குடிக்கிறது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? குடிகாரனுக்கு ஊற்றிக் கொடுத்தால் குடி எப்படி நிற்கும்? அதனால் ஊற்றவில்லை. டோஃபு கடைக்குத் தவறாமல் போய் வருகிறேன். இப்போது காலையில் கிளப்பினால் இரண்டு மூன்று தடவை முக்குகிறது.

தெரியாமல் செய்கிறேன் என்று எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். பெரிய மனசு. ஆனால் நான் அந்த இஞ்சினைக் கோத்தவரின் மகள். உங்களோடு பன்னிரண்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவள். நீங்களும் அப்பாவும் அந்த முக்கோணத்தைப் பற்றிப் பேசப் பேச நான் மீன் முள்ளை ஆய்ந்துகொண்டிருந்தேன், காது திறந்தேதான் இருந்தது. நான் செய்வது எனக்குத் தெரியும்.

அப்பா பேரை உங்கள் கடிதத்தில் எழுதாதீர்கள். மூன்றரை வருடத்துக்கு முன்னால், ஜனவரி மூன்றாம் தேதி மதியம், அரிசி மோச்சி போட்ட புத்தாண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கிண்ணம் விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனேன். "பனியில அவன் கீழேருந்து ஏறி வர்றதுக்குள்ள நம்ம வண்டி ஆஸ்பத்திரிக்கே போயிடும்" என்று சொல்லி ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி வைத்தீர்கள். எவ்வளவு சமர்த்தான மனிதர் என்று அப்போது நினைத்தேன். அப்பாவை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வரவில்லை. அவரை அப்படியே கிடத்திவிட்டுக் கொட்டகைக்கு ஓடி வந்தேன். உள்ளே ஒரே புகை. இஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "கொஞ்சம் பொறு. முள்ளு ஏறட்டும். சூடாகாம எடுத்தா இஞ்சின் போயிடும்."

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று டாக்டர் ஆரம்பித்தார். மிச்சத்தைச் சொல்லவில்லை. நீங்களும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அப்பாவை அன்று காக்க வைத்தீர்கள். உங்கள் வண்டியை நான் ஒரு நாளும் காக்க வைப்பதில்லை. கிளப்பியதும் எடுக்கிறேன், எடுத்ததும் அணைக்கிறேன். ஏப்ரலில் நீங்கள் வரும்போது பளபளவென்று துடைத்து வைத்திருப்பேன். சாவியைத் திருப்பிப் பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிஹாரு


மிச்சிகன்
அக்டோபர் 5

சிஹாரு,

ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஏழாவது.

அந்த மதியத்தை இழுக்காதே. நான் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றும் பேச மாட்டேன். நீயும் விட்டுவிடு. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், அது எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் வண்டி என்ன பாவம் செய்தது? வேண்டாத புருஷன் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். சரி. என்னை அடிக்க வேண்டுமென்றால் என்னை அடி. ராத்திரி படுத்தால் அந்தத் தகடுகள் காய்ந்துபோய் உராய்கிற சத்தம் கேட்கிறது. இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். மனைவியைப் பிரிந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. நான் திருத்தவில்லை.

பட்டறை ஹமானோவுக்கு எழுதினேன், வந்து வண்டியை எடுத்துப் போகச் சொல்லி. இருபது வருட நண்பன், பதிலே போடவில்லை. அவனையும் என்ன சொல்லி மயக்கினாயோ. தயவுசெய்து ஆயில் மட்டுமாவது ஊற்று.

கென்சாக்கு


கபே
1998, மார்ச் 8

மதிப்பிற்குரிய கென்சாக்கு அவர்களுக்கு,

பிளம் பூ உதிர்ந்துவிட்டது. காலையில் இன்னும் மூச்சு வெண்மையாகத் தெரிகிறது. உங்கள் கடைசி மூன்று கடிதங்களுக்கும் பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும். வண்டியைப் பார்த்துக்கொள்வதிலேயே நேரம் போய்விடுகிறது.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வண்டியைச் சோதித்துச் சான்று வாங்கும் தவணை இந்த மாதம் வந்ததால் ஹமானோவின் பட்டறைக்குக் கொண்டு போனேன். கொண்டு போனேன் என்றா சொன்னேன்? இழுத்துக்கொண்டு போனார்கள். இஞ்சினின் அழுத்தத்தை அளந்து பார்த்தார். இரண்டு முக்கோணத்துக்கும் பக்கத்துக்கு ஒன்றாக ஆறு எண்கள் வரும், எட்டரைக்கு மேல் இருந்தால் ஆரோக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து புள்ளி இரண்டு, ஐந்து, நாலு புள்ளி எட்டு. அது முன்பக்கத்துக்கு. பின்பக்கத்தில் இரண்டு ஐந்துகள், ஒன்றில் முள் எழும்பவே இல்லை. ஹமானோ கையைத் துடைத்துக்கொண்டே, "இது முடிஞ்சுதும்மா. இதுக்கு மேல இது சும்மா இரும்பு" என்றார்.

பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. நீங்கள் பயணத் தேதியைத் தெரிவித்தால் துடைத்து வைக்க வசதியாக இருக்கும்.

சிஹாரு


மிச்சிகன்
மார்ச் 17

சிஹாரு,

நலம் விசாரிக்கப் போவதில்லை.

நான் வாயைத் திறக்காமல் செத்துப்போவேன் என்றுதான் இருந்தேன். நாலு வருடம் அப்படித்தான் இருந்தேன். நீ ஆறு எண்களை எழுதி அனுப்பியிருக்கிறாய். அவற்றை எத்தனை சந்தோஷமாக எழுதியிருப்பாய் என்று உன் கையெழுத்திலேயே தெரிகிறது. உன் சந்தோஷத்துக்கு இதோ என் பதில்.

ஜனவரி மூன்று. காலையில் நான் கோயிலுக்குப் போயிருந்தேன், நடந்து. உன் அப்பா வருகிறார் என்று நீ வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாய். வண்டி குறுக்கே நின்றது. ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கிளப்பினாய். பத்தடி பின்னால், கொட்டகைக்குள் விட்டாய். விட்டதும் அணைத்தாய். சில்லென்றிருந்த இஞ்சினை. நான் திரும்பி வந்தபோது வண்டி உள்ளே நின்றதைக் கவனிக்கவில்லை, உன் அப்பாவோடு பேச உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் கதவைத் திறந்து ஏறினால் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கை முன்னால் தள்ளியிருந்தது. நம் வீட்டில் அவ்வளவு முன்னால் தள்ளிக்கொண்டு உட்காரும் ஆள் நீ ஒருத்திதான். சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. உள்ளே பெட்ரோல் தேங்கிக் கிடந்தது. பெட்ரோல் வராமலிருக்க ப்யூஸைப் பிடுங்கினேன், மிதியை அடிவரை அழுத்திப் பிடித்துப் பெட்ரோலை வெளியே தள்ளினேன், மறுபடி மாட்டினேன், மறுபடி சுற்றினேன். நீ பார்த்த புகை அதுதான். முள் ஏற நான் காத்திருக்கவே இல்லை. இஞ்சின் அப்போதுதான் உயிர் பிடித்திருந்தது.

அந்த நேரத்தில் நீ ஓடி வந்தாய். அப்பாவை வாசலில் போட்டுவிட்டு வந்தவளிடம், "நீ நகர்த்தினதாலதான் கிளம்பல" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். நீ நம்பினாய். சரி, என்னை வெறுத்துவிட்டுப் போகட்டும், தன்னை வெறுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உன் வெறுப்போடுதான் மூன்று வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டேன், அதோடுதான் சமரச மன்றத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அன்று தெரியாமல் செய்தாய். இந்த வருடம் தெரிந்தே, தினமும், அதையே செய்து என் இஞ்சினைக் கொன்றாய். இனி நான் எதற்கு உன் மூட்டையைச் சுமக்க வேண்டும்? இந்தா, நீயே வைத்துக்கொள். டாக்டர் சொல்லாமல் விட்ட மிச்சம் உனக்குச் சொந்தம்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி வருகிறேன்.

கென்சாக்கு


கபே
ஏப்ரல் 2

கென்சாக்கு,

செர்ரி இந்த வருடம் சீக்கிரம் பூத்துவிட்டது. இந்த ஒரு வரியும் பழக்க தோஷம்.

உங்கள் கடிதத்தை நின்றபடி படித்தேன், அப்புறம் உட்கார்ந்து படித்தேன். நகர்த்தினேன், உண்மைதான். கம்பளிக் கையுறையைக் கழற்றாமல் சாவியைத் திருப்பியதுகூட இப்போது ஞாபகம் வருகிறது. பத்தடி. பனி தள்ளுகிற அவசரத்தில் ஒரு பத்தடியை யார் நினைவில் வைப்பார்கள்? உங்கள் கடிதம் வந்த மறுநாள் கல்லறைக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். இந்த மூட்டை என்னுடையது, வாங்கிக்கொண்டேன். ஆனால் ரிசீவரை வாங்கி வைத்த கை உங்களுடையது. அது உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் ஒன்று சொல்கிறேன். டோஃபு கடைக்கு நான் நடந்துதான் போகிறேன். உங்கள் வண்டியில் ஒரு தடவைகூடப் போனதில்லை.

கொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். போன வருடம் மே மாதம், முதல் தடவையாக ஏறியபோது, கிளப்பியவுடன் அணைக்கக் கை போனது. அப்பா அந்தத் தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து, "இதுல தலைமுடி அளவு தப்பினாலும் எனக்குத் தூக்கம் வராது" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டேன். முள் ஏறும் வரை உட்கார்ந்திருந்தேன், அழுதுகொண்டு. அப்புறம் நெடுஞ்சாலையில் ஏறினேன். மியோஷிக்குப் போகச் சொல்லி நீங்கள் எழுதுவதற்கு முன்பே நான் மியோஷிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஞாயிறு தவறியதில்லை. முதன்முதலில் அந்த மணி கூவியபோது பயத்தில் காலை எடுத்துவிட்டேன். இரண்டாம் தடவை எடுக்கவில்லை. நீங்கள் ஏன் அந்தச் சாவியை எனக்குத் தராமல் இருந்தீர்கள் என்று அன்றுதான் புரிந்தது. நானும் யாருக்கும் தந்திருக்க மாட்டேன்.

நிஷிகோரி அம்மாள் சொன்னதாக எழுதியதும் பொய். அவர் சொன்னது இது: "ஞாயித்துக்கிழமையானா தூங்க விட மாட்டேங்கறியே. உன் புருஷனே பரவாயில்லடி." ஹமானோ உங்களுக்குப் பதில் போடாதது நான் கேட்டுக்கொண்டதால். "அவன் கொஞ்ச நாள் வேகட்டும், ஆனா ஏப்ரலோட நிறுத்திக்கணும்" என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார். ஆயிலை அவர்தான் ஊற்றினார். ஆறு எண்களையும் உட்கார்ந்து நானே கற்பனை செய்தேன். உண்மையில் ஆறும் எட்டரைக்கு மேல்தான். சான்று வண்டியின் பெட்டிக்குள் இருக்கிறது.

உங்களை நான் காகிதத்தில் மட்டும்தான் அடித்தேன். ஒரு வருடம் நீங்கள் தூங்கக் கூடாது என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான் என் பழி. ஏப்ரலில் வந்து, சாவியைத் திருப்பி, ஒரே தடவையில் கிளம்பியதும் என்னைத் திட்டுவீர்கள். திட்டி முடித்ததும் இரண்டு பேரும் சிரித்துவிடுவோம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அந்த அளவுக்குப் பைத்தியம்.

எனக்காக ஒரு மனிதர் நாலு வருடம் வாயை மூடிக்கொண்டு என் வெறுப்பைத் தாங்கினார். என் வீட்டிலேயே இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரை விட்டிருக்க மாட்டேன். ஒரு வருடம் உங்களை எவ்வளவோ குத்தினேன், அவர் பேசவில்லை. இஞ்சின் செத்தது என்றதும் பேசிவிட்டார். சாகாத இஞ்சினுக்காக.

வண்டி ஹமானோவின் பட்டறையில் நிற்கிறது. சாவியும் அவரிடம். என் வீட்டுக்கு நீங்கள் வர வேண்டியதில்லை. நீங்கள் சாகும் வரை அது நன்றாக ஓட வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். தினமும் காலையில் கிளப்புங்கள், முள் ஏறும் வரை உள்ளே உட்கார்ந்திருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் நினைத்துக்கொள்ள நான் நிறையவே தந்திருக்கிறேன்.

பெட்ரோல் நிரப்பியிருக்கிறேன், ஆயிலும் பார்த்தாகிவிட்டது. இருக்கையை உங்கள் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.

சிஹாரு